முப்பத்தாறு குழிகளும் ஒரு பகலும்

விளையாட்டுகளுள் பெரும்பாலானவை ஓரிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுவன. காற்பந்து ஒன்றரை மணி நேரத்து ஆட்டம். வளைகோற்பந்து அதனினும் குறுகியது. ஐந்து நாள் நடைபெறும் கிரிக்கெட்டிலும், தம் முறை வரும் வரையில் நிழலில் அமர்ந்திருக்க ஆட்டக்காரருக்கு வாய்ப்புண்டு. காலையில் புல்லின்மேல் பனி உலரும் முன்னர்த் தொடங்கி, மாலையில் மர நிழல் நீளும் வரையில், தம் காலால் நடந்து, தம் கையால் அடித்து, தம் கணக்கைத் தாமே நேர்மையாகச் சொல்லி முடிக்கவேண்டிய ஆட்டம் ஒன்று உண்டு. அதுவே கோல்ஃப் ஆட்டத்தின் முழுநாள் போட்டி.

கொல்கத்தாவில் டாலிகஞ்ச் பக்கம் குடியிருக்கும் தமிழரும், தில்லியில் ஜாகிர் உசேன் சாலை வழியே அலுவலகம் செல்லும் தமிழரும், பெங்களூரில் ஹை கிரவுண்ட்ஸ் பகுதியைக் கடந்து போகும் தமிழரும் மதிலுக்கு அப்பால் தெரியும் பசும் புல்வெளிகளைப் பன்முறை கண்டிருப்பர். ‘இது பெரிய மனிதர்களின் பொழுதுபோக்கு, நமக்கு இதில் என்ன இருக்கிறது?’ என்று எண்ணி நடப்பதே வழக்கம். அந்த எண்ணம் முற்றிலும் தவறன்று. நிலமும் நீரும் பொருளும் மிகுதியாக வேண்டப்படும் ஆட்டம்தான் இது. ஆயினும் பரிசுப் பணம் கருதாது, ஆட்டத்தின்மேல் உள்ள விருப்பம் ஒன்றினாலேயே ஆடுகின்றவர்கள், ஒரு விடுமுறை நாள் முழுவதையும் இதற்கு ஈடாகக் கொடுப்பதேன் என்பது ஆராயத் தக்கது. அந்தப் பகலில் அவர்கள் படும் பாடு என்ன, பெறும் பயன் என்ன என்பதையே இங்கு விளக்க முற்படுவோம்.

முதலில் ஆட்டத்தின் அமைப்பைச் சுருங்கக் காண்போம். கையடக்கமான சிறு பந்தை மட்டையால் அடித்து, தொலைவிலுள்ள ஒரு குழிக்குள் விழச் செய்வதே ஆட்டம். குழியின் வாய் நாலேகால் அங்குலம். பந்தை முதலில் வைத்து அடிக்கும் இடத்திலிருந்து அக்குழி நூற்றைம்பது கஜத் தொலைவிலும் இருக்கலாம். ஐந்நூறு கஜத்துக்கு மேலும் இருக்கலாம். இடையில் மணற்பள்ளங்களும் குளங்களும் புதர்களும் மரங்களும் உண்டு. தேர்ந்த ஆட்டக்காரர் ஒரு குழியை முடிக்க எத்தனை அடி எடுத்துக்கொள்வார் என்று வகுத்த எண்ணிக்கைக்குப் ‘பார்’ என்று பெயர். அது மூன்றாகவோ நான்காகவோ ஐந்தாகவோ அமையும். இத்தகைய பதினெட்டுக் குழிகளை ஆடி முடிப்பது ஒரு சுற்று. ஒரு சுற்றின் பார் பெரும்பாலும் எழுபது முதல் எழுபத்திரண்டு வரை இருக்கும்.

பதினெட்டு என்ற எண்ணிக்கை ஸ்காட்லாந்து நாட்டிலுள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் ஊரிலிருந்து வந்தது. அங்கே இருபத்திரண்டு குழிகளாக இருந்த சுற்று 1764-ஆம் ஆண்டில் பதினெட்டாகக் குறைக்கப்பட்டது; பிற்காலத்தில் உலகம் முழுவதும் அதனையே பின்பற்றலாயிற்று. நம் நாட்டுக்கு இவ்வாட்டம் வந்ததும் அண்மையில் அன்று. ராயல் கல்கத்தா கோல்ஃப் கழகம் 1829-ஆம் ஆண்டில் தோன்றியது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே தோன்றிய கோல்ஃப் கழகங்களுள் அதுவே மிகப் பழமையானது. பெங்களூர்க் கழகம் 1876-இல் ஏற்பட்டது. தொழில்முறையாளர் அல்லாதாருக்கான இந்தியச் சாம்பியன் போட்டி 1892-இல் கொல்கத்தாவில் தொடங்கியது.

இனி முழுநாள் போட்டி என்பது யாது? ஒரே பகலில் இரண்டு சுற்று, அதாவது முப்பத்தாறு குழிகள் ஆடுவதே அது. இதில் மூன்று வகைகளைக் குறிப்பிடலாம். முதல் வகையில் காலை, மாலை ஆகிய இரண்டு சுற்றுகளிலும் எடுத்த அடிகளைக் கூட்டி, குறைந்த தொகை பெற்றவரை வெற்றியாளராகக் கொள்வர். இரண்டாம் வகை, இருவர் நேருக்கு நேர் மோதுவது. இங்கே மொத்த அடிக்குக் கணக்கில்லை. ஒவ்வொரு குழியையும் யார் குறைந்த அடியில் முடித்தார் என்பதே கணக்கு. இந்தியச் சாம்பியன் போட்டியின் இறுதி ஆட்டம் இவ்வாறு முப்பத்தாறு குழிகளுக்கு நடைபெறும் மரபுடையது. மூன்றாம் வகையில் காலையில் நால்வர் இரு அணியாகப் பிரிந்து ஆடுவர். பிற்பகலில் தனித்தனியே ஆடுவர். பிரிட்டன், அயர்லாந்து நாட்டவருக்கும் அமெரிக்கருக்கும் இடையே 1922 முதல் நடைபெற்று வரும் வாக்கர் கோப்பைப் போட்டி இம்முறையைக் கையாளுகிறது.

ஒரு சுற்றே நான்கு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும்போது, இரண்டாவது சுற்று எதற்கு என்று கேட்கலாம். காரணம் எளிது. ஒரு சுற்றில் நற்பேறு பெரும் பங்கு கொள்ளும். தவறாக அடித்த பந்து மரத்தில் பட்டுத் திரும்பி நல்ல இடத்தில் விழலாம். செம்மையாக அடித்த பந்து சிறு மேட்டில் பட்டுக் குளத்துக்குள் உருளலாம். குழிகள் இரட்டிப்பாகும்போது இத்தகைய ஏற்ற இறக்கங்கள் ஓரளவு ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்கின்றன. காலையில் கைகூடிய ஆட்டம் தற்செயலா, பயிற்சியின் பயனா என்பது பிற்பகலில் தெரிந்துவிடும்.

இனி இடர்ப்பாடுகளைப் பார்ப்போம். முதலாவது, உடலின் உழைப்பு. பந்து போகும் வழியெல்லாம் நடந்தால் ஒரு சுற்றில் எட்டுக் கிலோமீட்டருக்குக் குறையாது. இரண்டு சுற்றில் பதினாறு ஆகும். பந்து நேராகச் செல்லாதவருக்கு இன்னும் மிகும். கொல்கத்தாவில் டிசம்பர் மாதத்தில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் கதிரவன் மறைந்துவிடுகிறான். தில்லியிலோ காலை மூடுபனி விலகுவதற்கே நெடுநேரம் ஆகிவிடும் நாட்கள் உண்டு. ஆகவே, குளிர்காலத்தில் இரண்டு சுற்று முடிக்க வெளிச்சம் போதாமற் போகக்கூடும். கோடையில் வெளிச்சத்துக்குக் குறைவில்லை, வெயில்தான் பகை. வங்காளத்தில் சித்திரை, வைகாசி மாதங்களில் மாலை வேளையில் திடீரென்று எழும் ‘கால்பைசாகி’ என்னும் இடிப்புயலும் கருதத்தக்கது. மின்னல் அபாயம் இருப்பதாக நியாயமாக நம்பும் ஆட்டக்காரர், நடுவரின் அறிவிப்புக்குக் காத்திராமல் தாமே ஆட்டத்தை நிறுத்திக்கொள்ள விதி இடந்தருகிறது. வெட்டவெளியில் இரும்பு மட்டையோடு நிற்பவர் இந்த உரிமையை மறத்தல் ஆகாது.

வெயிலின் கொடுமைக்குத் தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவரின் வரலாறே சான்றாகும். அமெரிக்க ஓப்பன் போட்டியில் கடைசி இரண்டு சுற்றுகளையும் ஒரே நாளில் ஆடும் வழக்கம் 1964 வரையில் இருந்தது. அவ்வாண்டில் வாஷிங்டன் நகருக்கு அருகே கடும் வெப்பத்தில் காலைச் சுற்றை முடித்த கென் வென்டூரி, சோர்ந்து விழும் நிலைக்கு வந்துவிட்டார். மருத்துவர் ஒருவர் மேலும் ஆடவேண்டாம் என்று எச்சரித்தார். அவர் கேளாமல் பிற்பகல் ஆட்டத்தையும் ஆடி வெற்றி பெற்றார்; மருத்துவரும் உடன் நடந்தார். அடுத்த ஆண்டிலிருந்து அப்போட்டி நான்கு நாட்களாகப் பிரிக்கப்பட்டது. வென்டூரியின் உறுதி போற்றத்தக்கதே. ஆனால் மருத்துவர் உடன் வராத நம்போன்றோர் அதைப் பின்பற்றலாகாது. தாகம் எடுக்கும் முன்னரே சிறிது சிறிதாக நீர் அருந்துவதும், உப்பிட்ட எலுமிச்சைச் சாறோ நீர்மோரோ கைவசம் வைத்திருப்பதும், தலை சுற்றினால் மானம் பாராது நிழலுக்குச் செல்வதும் அறிவுடைமை.

நண்பகல் உணவைப் பற்றியும் ஒரு சொல். காலைச் சுற்று முடிந்து பசியோடு வருவோர் வயிறார உண்டுவிட்டு, உண்ட மயக்கத்தோடு முதற் குழிக்கு மீண்டும் போவதுண்டு. ஆறியிருந்த தசைகள் இறுகிப்போயிருக்கும். பந்தும் குளத்தை நாடும். வாழைப்பழமும் சிறிது சோறும் உண்டு, சற்றே நடந்து உடலை வெதுவெதுப்பாக வைத்துக்கொள்பவருக்கு இந்தத் தொல்லை குறைவு.

உடலின் இடரைக் காட்டிலும் உள்ளத்தின் இடர் பெரிது. இதனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். சாதாரண ஆட்டக்காரர் ஒருவர் ஒரு சுற்றுக்குத் தொண்ணூறு அடி எடுப்பதாகக் கொள்வோம். இரண்டு சுற்றுக்கு நூற்றெண்பது அடி. ஒருமுறை மட்டையை ஓங்கி வீசி முடிக்க ஏறக்குறைய இரண்டு நொடி. ஆகவே ஒரு பகல் முழுவதிலும் அவர் உண்மையில் பந்தை அடிக்கும் நேரம் ஆறே நிமிடம்! எஞ்சிய எட்டு ஒன்பது மணி நேரமும் நடப்பதிலும் காத்திருப்பதிலும் நினைப்பதிலுமே கழிகிறது. சென்ற குழியில் செய்த தவறு, அடுத்த குழியில் வரப்போகும் குளம், முன்னே செல்லும் எதிராளியின் எண்ணிக்கை இவையெல்லாம் மனத்தைச் சூழ்ந்துகொள்ள அத்தனை நேரம் கிடைக்கிறது. டென்னிஸ் ஆடுபவருக்குக் கவலைப்பட நேரமில்லை; பந்து வந்துவிடும். கோல்ஃப் ஆட்டத்தில் பந்து அசையாமல் கிடந்து, ஆட்டக்காரருக்காகக் காத்திருக்கிறது. எவ்வளவு நேரம் தயங்கினாலும் அடிக்கவேண்டியவர் அவரே.

இதனால் முழுநாள் போட்டியில் தேர்ந்தவர்கள் ஒரு பழக்கத்தைக் கைக்கொள்கின்றனர். பந்தை அடித்து முடித்தவுடன் அதனை மனத்திலிருந்து இறக்கிவைத்துவிடுவர். மரத்தையும் பறவையையும் பார்ப்பர். உடன் நடப்பவரோடு ஊர்ச்செய்தி பேசுவர். பந்தை நெருங்கும்போது மட்டும் மறுபடியும் கருத்தை ஒருமுகப்படுத்துவர். எட்டு மணி நேரம் இடைவிடாது மனத்தை இழுத்துப் பிடிக்க எவராலும் இயலாது. சில நொடிகள் பிடித்து, பிறகு தளர்த்தி, மறுபடியும் பிடிக்கப் பழகுவது இயலும். பிற்பகலில் இருபத்தைந்தாம் குழிக்கு அப்பால் வெற்றி தோல்வியை முடிவு செய்வது பெரும்பாலும் தோள்வலி அன்று, இந்தப் பழக்கமே.

நால்வர் ஆட்டத்தில் இன்னொரு சோதனை உண்டு. ஓர் அணியில் உள்ள இருவரும் ஒரே பந்தை மாறி மாறி அடிக்கவேண்டும். கூட்டாளி பந்தைப் புதருக்குள் அடித்தால், அதனை மீட்கவேண்டியவர் நாம். நாம் மணலில் தள்ளினால் அவர் துன்புறவேண்டும். ஒருவரையொருவர் குறை கூறத் தொடங்கினால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிட்டது எனலாம். இல்லறத்துக்கு வேண்டிய பொறையின் ஒரு பகுதியை நாலு மணி நேரத்தில் கற்றுத் தரும் ஆட்டம் இது.

ஏற்றத்தாழ்வான திறமையுடையோர் ஒன்றாக ஆடுவது எங்ஙனம் என்ற ஐயம் எழலாம். அதற்கு ‘ஹாண்டிகேப்’ என்னும் சலுகை அடி முறை உளது. 2020 முதல் வழங்கும் உலகப் பொதுமுறைப்படி, ஒருவர் அண்மையில் ஆடிய இருபது சுற்றுகளுள் சிறந்த எட்டின் சராசரியைக்கொண்டு அவருக்குரிய எண் கணிக்கப்படுகிறது. பதினெட்டு அடி சலுகையுள்ள முதியவர் தொண்ணூற்றிரண்டு அடியில் முடித்தால் அவர் கணக்கு எழுபத்துநான்கு. ஆறு அடி சலுகையுள்ள இளைஞர் எண்பத்தொன்றில் முடித்தால் அவர் கணக்கு எழுபத்தைந்து. வெற்றி முதியவருக்கே. தந்தையும் மகனும், மேலதிகாரியும் எழுத்தரும் ஒரே போட்டியில் சமமாக நிற்க இம்முறை வழி செய்கிறது. ஆனால் ஒவ்வொருவரும் தம் கணக்கை உண்மையாகப் பதிந்தால்தான் இம்முறை நிலைபெறும். பரிசுக்காகத் தம் திறமையைக் குறைத்துக் காட்டிச் சலுகை பெறுபவர், உடன் ஆடுவோர் அனைவரின் உழைப்பையும் திருடுகிறவர் ஆவார்.

இதுவே இவ்வாட்டத்தின் உயிர்நிலை. பரந்த திடலில் ஒவ்வோர் ஆட்டக்காரர் பின்னும் நடுவர் செல்வதில்லை. புதருக்குள் தனியே நிற்கும்போது பந்து அசைந்ததா இல்லையா என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அமெரிக்கரான பாபி ஜோன்ஸ் இறுதி வரையில் பணத்துக்காகப் போட்டியாடாதவர். சட்டம் பயின்று வழக்கறிஞரானவர். 1925-ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பன் போட்டியில், உயர்ந்த புல்லில் கிடந்த பந்தை அடிக்க அவர் நின்றபோது அது சிறிதே அசைந்தது. வேறெவரும் அதனைக் காணவில்லை. ஜோன்ஸ் தாமே முன்வந்து தம் கணக்கில் ஓர் அடியைத் தண்டமாகச் சேர்த்துக்கொண்டார். போட்டி முடிவில் அவரும் வில்லி மக்ஃபார்லேனும் சமநிலையில் நின்றனர். அந்த ஓர் அடி இல்லையேல் கோப்பை ஜோன்ஸுக்கே. சமநிலையைத் தீர்க்க இருவரும் மீண்டும் பதினெட்டுக் குழிகள் ஆடினர், அதுவும் சமமாயிற்று, மறுபடியும் பதினெட்டு ஆடினர். முப்பத்தாறு குழிகளின் முடிவில் ஜோன்ஸ் ஓர் அடியில் தோற்றார். ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1930-இல், அமெரிக்க, பிரிட்டிஷ் ஓப்பன் போட்டிகள் இரண்டும், இரு நாடுகளின் தொழில்முறையல்லாதார் போட்டிகள் இரண்டும் ஆக நான்கையும் ஓராண்டில் வென்று, இருபத்தெட்டாம் வயதில் போட்டிகளிலிருந்து விலகிக்கொண்டார்.

நம் நாட்டிலும் இத்தகைய ஆட்டக்காரர் பெருமை பெற்றுள்ளனர். 1965-இல் கொல்கத்தாவில் நடந்த இந்திய ஓப்பன் போட்டியில் தொழில்முறையாளர் பலரையும் பின்தள்ளி வென்றவர், பணத்துக்கு ஆடாத பி. ஜி. சேத்தி. 1982-இல் தில்லி ஆசிய விளையாட்டுகளில் கோல்ஃப் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது, தனிநபர் தங்கத்தை லட்சுமண் சிங் பெற்றார். குழுவுக்கான தங்கமும் இந்தியாவுக்கே கிடைத்தது.

இப்பகலில் ஆட்டக்காரரோடு சேர்ந்து நடக்கும் மற்றொருவரை மறத்தல் கூடாது. மட்டைப் பையைச் சுமந்து வருபவரே அவர். ஆங்கிலத்தில் அவருக்கு வழங்கும் பெயரைத் தமிழில் ‘கேடி’ என்று எழுதினால், காவல் நிலையத்துப் பொருள் வந்து சேர்ந்துவிடுகிறது. ஆகையால் ‘பைத்துணைவர்’ என்று சொல்வோம். ஒரு பையில் பதினான்கு மட்டை வரை இருக்க விதி இடந்தருகிறது. அந்தச் சுமையோடு பதினாறு கிலோமீட்டர் நடந்து, பந்து விழுந்த இடத்தைக் கூர்ந்து நோக்கி, மூன்று நிமிடத் தேடுதல் நேரத்துக்குள் அதனைக் கண்டெடுத்து, காற்றின் போக்கும் புல்லின் சாய்வும் சொல்லி உதவுபவர் அவர். ஆட்டக்காரருக்கு இது விளையாட்டு. அவருக்கு இது பிழைப்பு. அவர்களுள் சிலர் பார்த்துப் பார்த்தே ஆட்டம் கற்றனர். தில்லித் திடலில் பை சுமந்து வளர்ந்த அலி ஷேர் 1991-இல் இந்திய ஓப்பன் போட்டியை வென்ற முதல் இந்தியத் தொழில்முறையாளரானார். ராயல் கல்கத்தாத் திடலில் புல் பராமரித்தவரின் மகனான சௌரசியா 2008-இல் தில்லியில் இந்தியன் மாஸ்டர்ஸ் பட்டத்தைப் பெற்றார். முழுநாள் போட்டி நடத்துவோர், பைத்துணைவருக்கு இரண்டு சுற்றுக்கும் முழுக் கூலியும், நண்பகலில் உணவும், நிழலில் ஓய்வும் அளிக்கின்றனரா என்பதைக்கொண்டே அக்கழகத்தின் பண்பை அளக்கலாம்.

இனி இதன் பயன்களைத் தொகுத்து நோக்குவோம். பணமன்று, தொழில்முறையல்லாதார் ஓர் எல்லைக்கு மேல் பரிசு பெற விதி இடந்தருவதில்லை. கிடைப்பது ஒரு வெள்ளிக் கிண்ணமாகவோ பலகையில் எழுதிய பெயராகவோ இருக்கும்; பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை. ஆனால் ஒரு பகல் முழுவதும் நல்ல காற்றும் நடையும் கிடைக்கின்றன. எட்டு மணி நேரம் உடன் நடந்தவரின் இயல்பு, எட்டு ஆண்டு அடுத்த மேசையில் அமர்ந்தும் விளங்காத அளவுக்கு விளங்கிவிடுகிறது. தம் இயல்பும் அவ்வாறே தமக்கு விளங்குகிறது: களைத்தபோது சினம் வருமா, தோற்கும்போது சாக்குத் தேடுவோமா, யாரும் பாராதபோது உண்மை சொல்வோமா என்னும் கேள்விகளுக்கு விடை அன்றே தெரிந்துவிடுகிறது.

மொழி வேறான ஊரில் வாழும் நமக்கு மேலும் ஒரு பயன் உண்டு. தொழில் நிமித்தமாக ஜாம்ஷெட்பூர் போன்ற ஆலை நகரங்களிலோ அசாமின் எண்ணெய் நகரான டிக்பாயிலோ வசிப்போருக்கு, ஆலையைச் சார்ந்த திடல் அருகிலேயே உண்டு. தில்லியில் லாடோ சராயில் தில்லி வளர்ச்சி ஆணையம் பொதுமக்களுக்கென்றே ஒரு திடலை அமைத்திருக்கிறது. வங்காளியோடும் பஞ்சாபியோடும் அசாமியரோடும் இலக்கணம் பாராமல் பேசிப் பழக, ஒரு சுற்று நடையைக் காட்டிலும் எளிய வழி அரிது. விருப்பமுள்ளோர் முதலில் ஒன்பது குழி ஆடிப் பழகலாம்; பிறகு பதினெட்டு. காலும் மனமும் அதற்கு இணங்கிய பின்னரே முழுநாள் போட்டிக்குப் பெயர் கொடுக்கலாம்.

போட்டி முடிந்ததும் ஒவ்வொருவரும் உடன் ஆடியவரின் கணக்குச் சீட்டைச் சரிபார்த்து ஒப்பமிட்டுக் கொடுப்பது முறை. முப்பத்தாறு குழிகளின் எண்களும் அதில் வரிசையாக நிற்கும். அவற்றுள் பல, ஆடியவர் விரும்பிய எண்களாக இரா. எனினும் ஒன்றையும் மறைக்காமல், ஒன்றையும் கூட்டிச் சொல்லாமல் தம் பெயரை அதன் அடியில் எழுதிவிட்டு, பைத்துணைவருக்கு நன்றி கூறி வீடு திரும்புகிறவர், எந்த இடத்தில் முடித்திருந்தாலும் அந்தப் பகலை வீணாக்கியவர் அல்லர்.